6 வாரம் மெல்லாமல் இருந்தாள்!

"கண்ணாடி வேண்டும்" என்று கையால் சைகை காட்டினாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் என் அக்காள் மகள். வயது 21. தாடையில் ஆபரேஷன் நடந்து அன்றோடு 3-வது நாள்.

முகம் வீங்கி இருந்தது. கொஞ்ச நஞ்ச வீக்கம் அல்ல. கன்னம் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கண்கள் இரண்டும் கோடு போட்டது போல இருந்தன. உதடு தடித்துத் தொங்கியது.

ஆஸ்பத்திரி குளியல் அறையில் ஒரு கண்ணாடி உண்டு. அதை அக்காள் முதல் நாளே துண்டு போட்டு மூடிவிட்டாள். ஆனால் ஒன்றை மறந்துபோனோம். தலையணைக்குப் பக்கத்திலேயே செல்போன் இருந்தது!

அவள் அதை எடுத்தாள். காமிராவைத் திருப்பினாள். பார்த்தாள்.

சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து நான் ஒன்று சொன்னேன். "என்ன கண்ணு, பலாப்பழம் மாதிரி ஆயிட்டே!"

அது பெரிய தப்பு. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வாய்விட்டு அழக்கூட முடியாது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ரப்பர் வளையம் மாட்டி இழுத்துக் கட்டி இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு என் பழைய முகமே போதும் மாமா."

எதற்காக இந்த ஆபரேஷன்?

அந்தப் பழைய முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுடைய கீழ்த்தாடை முன்னால் நீண்டு வளர்ந்துவிட்டது. மேல்தாடை பின்தங்கிவிட்டது. சாதாரணமாக நமக்கு மேல்வரிசைப் பல் வெளியேயும் கீழ்வரிசைப் பல் உள்ளேயும் இருக்கும். அவளுக்கு அது தலைகீழ். முன்பற்கள் ஒன்றை ஒன்று தொடவே தொடாது.

முன்பல் தொடாவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு வடையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். முன்பல்தான் அதைத் துண்டாக்குகிறது. அவளால் அது முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் வடையை விரலால் பிய்த்துப் பிய்த்துக் கடைவாயில் போட்டுக்கொள்வாள். இடது கையால் வாயை மறைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பட்டப் பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

"அழகுக்காகத்தானே அறுத்துக்கொள்கிறாள்?" என்று சிலர் கேட்டார்கள். அழகும் ஒரு காரணம்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. தாடை சரியாகப் பொருந்தாவிட்டால் மெல்ல முடியாது. சில எழுத்துகள் நாக்கில் சரியாக வராது. கீழ்த்தாடை மிகவும் உள்வாங்கி இருப்பவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும்.

வளர்ச்சி நின்ற பிறகே இந்த ஆபரேஷன் செய்வார்கள். இல்லாவிட்டால் எலும்பு மறுபடியும் வளர்ந்து பழைய கதை ஆகிவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் பல்லுக்குக் கிளிப் போட்டு வரிசைப்படுத்த வேண்டும். அதற்கே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். பெரிய தனியார் ஆஸ்பத்திரியில்தான் முடியும் என்பது இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய், முகம், தாடை ஆபரேஷனுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது.

தீப்பெட்டியை இழுப்பது போல...

தாடையை எப்படி நகர்த்துகிறார்கள்?

முழு மயக்கம் கொடுக்கிறார்கள். மூச்சுக்குழாயை மூக்கு வழியாக விடுகிறார்கள். வாய்க்குள்ளே ஈறுக்கு அருகில் கீறுகிறார்கள். அதனால்தான் வெளியே தழும்பு தெரிவது இல்லை. கீழ்த்தாடை எலும்பைப் பின்பக்கத்தில் நீளவாட்டில் இரண்டு பலகையாகப் பிளக்கிறார்கள். பிறகு தீப்பெட்டியின் உள்பெட்டியை இழுப்பது போல முன்னேயோ பின்னேயோ நகர்த்துகிறார்கள். நகர்த்துவது சில மில்லிமீட்டர்தான். அந்தச் சில மில்லிமீட்டரில் முகமே மாறிவிடும்!

இந்த வித்தை ஒரே நாளில் வந்தது அல்ல. 1849-ல் அமெரிக்காவில் வீலிங் என்ற ஊரில் ஹல்லிஹென் என்ற டாக்டர் இருந்தார். சிறு வயதில் தீக்காயம் பட்டுத் தாடை இழுத்துக்கொண்ட ஓர் இளம் பெண்ணுக்கு அவர் எலும்பை அறுத்துச் சரி செய்தார். அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 1901-ல் பிரான்சு நாட்டு டாக்டர் லெ ஃபோர்ட், முகத்தில் அடிபட்டால் மேல்தாடை எந்தக் கோட்டில் உடைகிறது என்று ஆராய்ந்து எழுதினார். இன்று மேல்தாடையை அறுப்பது ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான். ஆபரேஷனுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. தீப்பெட்டி யுக்தியைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த ஓப்வெகெசர். 1950-களில் அதைச் செய்து காட்டினார்.

அந்தக் காலத்தில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். 6 வாரம் வாயே திறக்க முடியாது! இப்போது சின்னச் சின்ன டைட்டானியம் தகடு வைத்துத் திருகாணி போட்டு எலும்பைப் பிடிக்க வைக்கிறார்கள். அதனால் ரப்பர் வளையத்தோடு தப்பித்துக்கொள்ளலாம். தகடு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கும். தொந்தரவு கொடுத்தால் மட்டும் எடுப்பார்கள்.

ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அவள் உள்ளே போனது காலை 8 மணிக்கு. வெளியே வந்தது மதியம் 1 மணிக்கு. அதோடு டாக்டர் வேலை முடிந்தது. வீட்டார் வேலை அப்போதுதான் தொடங்கியது.

முதல் ராத்திரி

3-வது நாள் அழுததை முதலில் சொல்லிவிட்டேன். அதற்கு முந்திய ராத்திரிகளையும் சொல்ல வேண்டும்.

முதல் ராத்திரி 2 மணி இருக்கும். அவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். குமட்டினாள். கருப்பாக வாந்தி வந்தது. அக்காள் அலறிவிட்டாள்.

நர்சு ஓடி வந்தார். அவர் பதறவில்லை. தலையை முன்னால் குனிய வைத்தார். பல் இடுக்கு வழியாகவும் கன்னத்தின் வழியாகவும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஆபரேஷன் நடக்கும்போது விழுங்கிய ரத்தம் அது. வயிற்றில் தங்கிக் கருத்துப்போய் வெளியே வந்தது. பலருக்கு இப்படி வருமாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அக்காள் அலறி இருக்க மாட்டாள்.

கட்டிலில் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இருந்தார்கள். மூச்சு முட்டினால் ரப்பர் வளையத்தை வெட்ட வேண்டும். எந்த வளையத்தை எப்படி வெட்டுவது என்று நர்சு இரண்டு முறை செய்து காட்டினார். கடைசிவரை அதற்குத் தேவை வரவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் அந்தக் கத்தரிக்கோல் அக்காளின் முந்தானையில் முடிச்சுப் போட்டபடியே இருந்தது!

மூக்கு அடைத்துக்கொள்ளும். ஆனால் மூக்கைச் சிந்தக் கூடாது. மேல்தாடையை அறுத்தவர்களுக்கு இது முக்கியம். தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். படுக்கும்போது தலை உயர்ந்து இருக்க வேண்டும். 3 தலையணை வைத்து, சாய்ந்தபடியே தூங்கினாள். அக்காள் தரையில் பாய் போட்டுப் படுத்தாள். படுத்தாளே தவிரத் தூங்கவில்லை. மகள் மூச்சுவிடும் சத்தத்தை எண்ணிக்கொண்டு இருந்தாள்.

முதல் இரண்டு நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் கொடுத்தோம். இருந்தும் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் பயந்துவிட்டோம். டாக்டர் சிரித்தார். இந்த வீக்கம் 2-வது நாள், 3-வது நாள்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கிவிடும் என்றார். இதை ஆபரேஷனுக்கு முன்னாலும் அவர் சொல்லித்தான் இருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. வாங்கி இருந்தால் பலாப்பழப் பேச்சு வந்திருக்காது.

சிலேட்டும் அம்மாச்சியும்

5-வது நாள் வீட்டுக்கு வந்தோம்.

அடுப்படி என் தாயார் கையில். அவருக்கு வயது 74. பேத்திக்கு அவர் அம்மாச்சி. 6 வாரம் எதையும் மெல்லக் கூடாது, முதலில் தண்ணீர் போல ஓடும் ஆகாரம்தான் என்றதும் அவர் கவலைப்படவில்லை. "பிள்ளை பெத்தவளுக்கும் காய்ச்சக்காரனுக்கும் கஞ்சி வச்ச கை இது" என்றார்.

கேப்பைக் கஞ்சி. பருப்புத் தண்ணீர். நீர்மோர். இளநீர். பால். வடிகட்டிய ஆட்டுக்கால் சூப். எலும்புக்கு எலும்பு என்பது அவருடைய கணக்கு. எல்லாவற்றையும் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு சின்னத் திப்பி இருந்தாலும் கிளிப்பில் மாட்டிக்கொள்ளும். பெரிய சிரிஞ்சின் நுனியில் ரப்பர் குழாய் மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 7 தடவை. ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ்ஷால் பல் துலக்க வேண்டும். வாய் சுத்தம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் புண் சீழ் பிடித்துவிடும்.

அவளுக்குப் பேச வராது. எழுதிக் காட்டுவாள். இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

பேத்தி தாளில் எழுதி நீட்டுவாள். அம்மாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாராவது வந்து இது என்னன்னு பாருங்க" என்று கூப்பிடுவார். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால்?

பேத்தி பரணில் இருந்த பழைய சிலேட்டை எடுத்தாள். பெரிய எழுத்தில் 'பசி' என்று எழுதினாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அடுத்து 'வலி'. கன்னத்தைக் காட்டினாள். அடுத்து 'போதும்'. சிரிஞ்சைக் கையால் தள்ளிக் காட்டினாள். மூன்று சொல்லும் ஒரே வாரத்தில் அம்மாச்சிக்குப் பாடம் ஆகிவிட்டன. 'போதும்' என்ற சொல்லை மட்டும் படித்தும் படிக்காதது போல இருப்பார். "எனக்கு எழுத்துத் தெரியாது தாயி" என்று சொல்லி இன்னும் ஒரு சிரிஞ்சு விட்டுவிடுவார்!

அப்படியும் 52 கிலோ இருந்தவள் 47 கிலோ ஆனாள். எடை குறையும் என்று டாக்டர் முன்பே எச்சரித்து இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் எங்களுக்குச் சாம்பார் தாளித்தார்கள். வாசம் வீடெல்லாம் பரவியது. அவள் சிலேட்டை எடுத்து 'சாம்பார்' என்று எழுதினாள். இது நாலாவது சொல். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அம்மாச்சிக்குப் புரிந்துவிட்டது. சாம்பார் சாதத்தை மிக்ஸியில் போட்டு, வெந்நீர் விட்டு அரைத்து, வடிகட்டிக் கொண்டுவந்தார். பார்க்கச் சகிக்காது. சேற்றுத் தண்ணீர் போல இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அன்றைக்கு 'போதும்' என்ற சொல் வரவே இல்லை.

இருட்டு வாரம்

2-வது வாரம்தான் மோசம். வலி குறைந்துவிட்டது. வீக்கமும் வடிந்துகொண்டு வந்தது. ஆனால் மனசு விழுந்துவிட்டது. காரணம் இல்லாமல் அழுதாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். தோழிகள் போன் செய்தால் எடுக்க மாட்டாள். தூக்கம் இல்லை, வயிறு நிறையவில்லை, பேச்சு இல்லை, கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையதும் இல்லை. யாருக்குத்தான் தாங்கும்? இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு இப்படி வருவது உண்டு. பெரும்பாலும் வாரங்களில் விலகிவிடும். விலகாவிட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் பார்த்துத்தானா ஒரு சொந்தக்காரர் வர வேண்டும்! வந்தவர் கூடத்தில் நின்றபடியே, "இருந்த முகத்தையும் கெடுத்துக்கிட்டாளே!" என்றார். அவள் காதில் விழும்படியே சொன்னார்.

என் தாயார் அடுப்படியில் இருந்து வந்தார். கையில் காப்பி டம்ளர். "பார்த்தாச்சு இல்லே? இதைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றார். வந்தவர் பாதிக் காப்பியோடு போய்விட்டார்.

அன்று ராத்திரி நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பலாப்பழம்னு சொன்னதை மனசுலே வச்சுக்காதே கண்ணு" என்றேன். சிலேட்டை எடுத்து ஒரு பலாப்பழம் வரைந்தாள். அதற்கு மீசை வைத்தாள். கீழே 'மாமா' என்று எழுதினாள்.

எனக்கு உயிர் வந்தது.

உதடு எங்கே?

இந்த ஆபரேஷனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. கீழ்த்தாடை எலும்புக்குள்ளே, குழாய்க்குள் கம்பி ஓடுவது போல ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் தொடு உணர்ச்சி கொடுப்பது அதுதான். எலும்பைப் பிளக்கும்போது அந்த நரம்பு இழுபடுகிறது. உதடு மரத்துப்போகிறது.

கஞ்சி முகவாயில் வழியும். அவளுக்குத் தெரியாது. நாங்கள்தான் துடைத்துவிட வேண்டும். மடியில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும்.

சில வாரத்தில் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். ஊசி குத்துவது போலவும் இருந்ததாம். அது நல்ல அறிகுறி என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். ஒரு வருஷமும் ஆகலாம். சிலருக்கு ஒரு சிறு பகுதி கடைசிவரை மரத்தே இருந்துவிடும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சூடான காப்பியை உதட்டில் வைக்கும் முன் விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஓட வேண்டும் என்பதையும் டாக்டர் சொல்லி அனுப்பி இருந்தார். கன்னத்தில் இருந்த கன்றல் மஞ்சளாகிக் கழுத்துக்கு இறங்கினால் பயம் இல்லை. எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்தால் பயம் இல்லை. ஆனால் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, காய்ச்சலும் சீழும் கண்டாலோ, வடிந்த வீக்கம் மறுபடியும் ஏறினாலோ, பல் பொருந்துவது திடீரென்று மாறிப்போனாலோ காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

முதல் இட்லி

6-வது வாரம் முடிந்தது. எக்ஸ்-ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துகொண்டு வந்தது. "மெத்தென்று இருப்பதை மெல்லலாம்" என்று உத்தரவு கிடைத்தது.

அம்மாச்சி இட்லி அவித்தார். வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

ஆனால் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது! இட்லியைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளினாள். மெல்லவும் மறந்திருந்தது. ஒரு இட்லி சாப்பிட 40 நிமிஷம் ஆனது. வியர்த்துவிட்டது.

வாயைத் திறக்க ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஐஸ் குச்சி போன்ற தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். சில நாளைக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். வலிக்கும். ஆனால் அவசரப்படக் கூடாது. மூன்று விரல் நுழையும் அளவு வந்தால் போதும். அவள் காலண்டரில் குச்சிக் கணக்கு எழுதி வைத்தாள். 6 குச்சி, 7 குச்சி என்று ஏறி, 3-வது மாதம் 17-ல் நின்றது.

இதற்குள் முகமும் தெளிந்துவிட்டது. கடைசி கொஞ்ச வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் தெருவில் பார்த்தவர்கள், "இளைச்சுட்டியா? என்னமோ மாறி இருக்கே" என்றார்கள். என்ன மாற்றம் என்று பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. கிளிப்பை மட்டும் இன்னும் கழற்றவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் பல்லைச் சரிப்படுத்தச் சில மாதங்கள் அது இருக்க வேண்டும்.

4-வது மாதம். கடினமான பண்டங்களையும் மெல்லத் தொடங்கலாம், முறுக்கு மட்டும் கிளிப் கழற்றிய பிறகு என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. அணில் கடிக்காத பழமாகப் பார்த்து என் தாயார் ஒன்றைப் பறித்தார். நன்றாகப் பழுத்த பழம். கத்தி எடுக்கப் போனார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

பழத்தை அப்படியே வாயில் வைத்தாள். முன்பல்லால் கடித்தாள். பிய்ந்து வந்தது!

கடித்த இடத்தை எங்களிடம் திருப்பிக் காட்டினாள். பல் தடம் வரிசையாகப் பதிந்து இருந்தது. வாயைக் கையால் மறைக்க மறந்துபோய் இருந்தாள். பழச்சாறு முகவாயில் வழிந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. அக்காள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"இன்னொண்ணு பறிக்கட்டுமா?" என்று கேட்டார் என் தாயார்.

வாய் நிறையப் பழம். பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.